இரண்டு பஞ்சாங்கமும் 'செத்துப்போன' மெய்யியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக இரண்டு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள். போன கிழமை நீங்கள் 'இத்துடன் இவ்விவாதம் முடிவுறுகிறது' என்று கீழே ஒரு வரி போட்டுக் கதவைச் சாத்திவிட்டீர்கள். சாத்தின கதவைத் தட்டுவதற்கு மன்னிக்க வேண்டும். இருவருமே எனக்குப் பழக்கமான விஷயத்தைப் பற்றித்தான் எழுதினார்கள், இருவருமே அதைக் கைகழுவிவிட்டார்கள். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலாமவர் பொறியியலாளர் என்று நினைக்கிறேன். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று பௌதிகவியல் சொல்லிவிட்டது, மெய்யியலுக்கு, அதாவது தத்துவத்துக்கு, இனி வேலை இல்லை, பௌதிகவியலாளர் ஸ்டீவன் ஹோக்கிங்கே 2010 இல் வந்த நூலில் அது செத்துவிட்டது என்று எழுதிவிட்டார், ஆகவே உயர்தரக் கலைப்பிரிவில் இருந்து மெய்யியலின் கிளையான அளவையியலைத் தூக்குங்கள் என்பது அவர் கட்சி. மற்றவர் சைவ அன்பர். மெய்யியல் என்பது சமயத்தின் பிள்ளை, நம் சித்தாந்தத்தில் எல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்தாயிற்று, இதில் புதிதாகக் கேட்க ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி. ஒருவர் பிணம் என்கிறார், மற்றவர் பிள்ளை என்கிறார். இரண்டு பேருக்கும் அது வாய் திறந்து கேள்வி கேட்காமல் இருந்தால் சரி.

நான் கொழும்பில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' படிப்பித்து ஓய்வுபெற்றவள். பிள்ளைகளுக்கு அது 'லொஜிக்'. மூன்றாவது பாடமாக எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் எடுக்கும் பாடம் என்று அதற்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. அப்படி வந்த பிள்ளைகளில் பலர்தான் பிறகு என்னை உலுக்கியெடுத்தார்கள் என்பது வேறு கதை.

பொறியியலாளருக்கு முதலில் பதில் சொல்கிறேன். 'மெய்யியல் செத்துவிட்டது' என்பது எந்த ஆய்வுகூடத்தில் அளந்து எடுத்த முடிவு? எந்தத் தொலைநோக்கியில் தெரிந்தது? எது அறிவு, எது அறிவல்ல என்று தீர்ப்புச் சொல்லும் வசனம் அது. அப்படித் தீர்ப்புச் சொல்வது மெய்யியலின் வேலை. ஹோக்கிங் அதே நூலில், ஒரு கோட்பாடு காட்டும் உலகம் 'உண்மையில்' அப்படித்தான் இருக்கிறதா என்று கேட்பதில் பொருள் இல்லை, அது அவதானங்களோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டால் போதும் என்று வாதிடுகிறார். நல்ல வாதம்தான். ஆனால் அது பௌதிகவியல் அல்லவே! மரண அறிவித்தல் கொடுத்த கையோடு செத்தவரின் கடையைத் திறந்து வியாபாரமும் நடத்தியிருக்கிறார்.

வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் ஒரு கதை உண்டு. 1840களில் யுரேனஸ் கிரகம் நியூட்டனின் கணக்குக்கு அடங்காமல் விலகி ஓடியது. சரி, கணக்குப் பொய்த்துவிட்டது, நியூட்டனைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. பாரிஸில் இருந்த வானியலாளர் லெவெரியே, வெளியே இன்னொரு கிரகம் இருந்து இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு அது எங்கே நிற்க வேண்டும் என்று கணித்தார். 1846 செப்டெம்பர் 23 அன்று பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்தில் இருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் நின்றது. அப்புறம் புதன் கிரகமும் கணக்குக்கு அடங்கவில்லை. லெவெரியே அதே யுக்தியைக் கையாண்டார். சூரியனுக்குக் கிட்ட ஒரு கிரகம் இருக்கும் என்றார், வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. அப்படி ஒரு கிரகமே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) என்ற அந்தச் சிறு பிசகுக்கு 1915 இல் ஐன்ஸ்டைன் வந்துதான் விடை சொன்னார். அதற்கு நியூட்டனைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

ஒரே ஆள், ஒரே முறை. ஒருமுறை வெற்றி, ஒருமுறை தோல்வி. அப்படியானால் கணக்குப் பிசகும்போது கோட்பாட்டைக் கைவிடுவதா, வேறொன்றை இட்டு நிரப்பிக் காப்பாற்றுவதா? பொய்ப்பிக்க முடியாத கூற்று விஞ்ஞானம் ஆகாது என்று 1934 இல் மெய்யியலாளர் கார்ல் பொப்பர் எழுதினார். அந்த விதியை யுரேனஸ் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தால் நெப்டியூன் கிடைத்திருக்குமா? இந்தக் கேள்வியைத் தொலைநோக்கியிடம் கேட்க முடியாது. ஆனால் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அளவையியலைத் தூக்கினாலும் கேள்வி போகாது. கேட்கத் தெரிந்த பிள்ளைகள்தான் குறைவார்கள்.

இன்னொன்று. கண்ட சிலவற்றில் இருந்து காணாததற்கும் பொதுமுடிவு எடுக்கும் தொகுத்தறிதலைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் சந்தேகத்தை விளக்கினேன். இதுவரை சுட்ட நெருப்பு நாளைக்கும் சுடும் என்பதற்கு என்ன ஆதாரம்? இதுவரை சுட்டது என்பதைத் தவிர வேறு ஆதாரம் உண்டா? பின் வாங்கில் இருந்து ஒரு முஸ்லிம் பிள்ளை எழும்பி, "டீச்சர், இது எங்கட இமாம் கஸ்ஸாலி சொன்னதுதானே, பஞ்சும் நெருப்பும்?" என்றாள். அவள் சொன்னது சரி. பஞ்சு நெருப்பில் பட்டதும் எரிவதைக் காண்கிறோம், ஆனால் நாம் காண்பது ஒன்றோடு மற்றது நிகழ்வதைத்தான், ஒன்றால் மற்றது நிகழ்வதை அல்ல என்று வாதிட்டவர் இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி. அவர் மறைந்தது 1111 இல். ஹியூம் பிறந்தது 1711 இல். கஸ்ஸாலி அதைக் கேட்டது இறைவனின் வல்லமைக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று காட்டுவதற்காக. ஹியூம் கேட்டது புலனுக்கு எட்டாத எதையும் நம்பாத மனநிலையில் இருந்து. புறப்பட்ட இடங்கள் எதிரும் புதிருமாக இருந்தும் இருவரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். இன்றைக்கு விஞ்ஞான முறை பற்றி எழுதும் எவரும் அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மெய்யியலோடு என்ன உறவு என்று யாராவது கேட்டால் நான் பெரிய வரைவிலக்கணம் ஒன்றும் சொல்வதில்லை. இந்தப் பஞ்சையும் நெருப்பையும்தான் சொல்வேன்.

இனிச் சைவ அன்பருக்கு. 'எல்லாம் சொல்லி முடித்தாயிற்று' என்று எழுதினீர்கள், ஐயா. சொன்னவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று பார்த்தீர்களா? மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதன் வார்த்திக உரையில் மேற்கோள், அதாவது நிறுவ வந்த கூற்று, வருகிறது, அதற்கு ஏது, அதாவது காரணம், வருகிறது, அதற்கு எடுத்துக்காட்டு வருகிறது. இன்ன காரணத்தால் இதைச் சொல்கிறேன் என்று ஒருவர் முன்வந்து நிற்கிறார் என்றால், அந்தக் காரணம் போதுமா என்று நாம் கேட்பதை அவர் எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தன் கட்சியை உடனே தொடங்கவில்லை. பரபக்கம் என்ற முதற்பகுதியில் மற்றவர் கட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி மறுக்கிறார். முதலில் நிற்பவன் கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்கிற உலகாயதன்! அவனுக்கு வாய்ப்பூட்டுப் போடாமல் அவன் வாதத்தைப் பாட்டாகவே எழுதிவிட்டுப் பிறகுதான் மறுக்கிறார். தன் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு வந்தாலும் எடுத்த எடுப்பில் அளவைதான், அதாவது அறியும் வழிகள்: காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்). எதைக்கொண்டு அறிகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ளாமல் எதை அறிந்தோம் என்று பேசக்கூடாது என்ற ஒழுங்கு அது. கேள்வி வேண்டாம் என்பவர் சித்தியாரின் பாதியைக் கிழித்துப் போடுகிறார்.

அவர் கடிதத்தில் என்னை இன்னும் உறுத்தியது, நடுவில் வந்த 'விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்ட' பட்டியல். திருநீறு ஈரத்தை உறிஞ்சுகிறதாம், மணியோசை கிருமியைக் கொல்கிறதாம், சித்திரைப் புத்தாண்டுக்குத் தலையில் வைக்கிற மருத்து நீர் கிருமிநாசினியாம். தினமும் வாட்ஸ்அப்பில் வருகிற சங்கதி. இதை அனுப்புகிறவர்கள் சமயத்துக்குச் சேவை செய்வதாக நினைக்கிறார்கள். மருத்து நீரின் காரணம் கிருமி என்றால் வாளித் தண்ணீருக்குள் ஒரு மூடி டெட்டோல் விட்டால் போதுமே, கோயில் வாசலில் போத்தலோடு ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? எந்தப் பக்தராவது இதை ஏற்பாரா? மாட்டார். ஆகவே காரணம் அது இல்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்ற கதைதான். என் அம்மா விளக்கு ஏற்றும்போது எந்தக் கருதுகோளையும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் நன்றி சொன்னார், பயந்தார், கேட்டார். அதை ஆய்வுகூட அறிக்கையாக மாற்றுகிறவர் விஞ்ஞானத்தையும் கெடுக்கிறார், விளக்கையும் அணைக்கிறார்.

கொழும்பு பாமன்கடையில் இருந்த பகுத்தறிவாளர் டொக்டர் கோவூரைப் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று 1963 இல் சவால் விட்டார். 1978 இல் அவர் மறையும்வரை யாரும் அந்தப் பணத்தைத் தூக்கவில்லை. 'இது நடக்கிறதா?' என்பது சோதிக்கக்கூடிய கேள்வி, அவர் சோதித்தார். நான் அவர் பக்கம். ஆனால் ஒரு சாமியார் வெறுங்கையில் திருநீறு வரவழைக்கவில்லை என்பதில் இருந்து கடவுளைப் பற்றி என்ன தெரிகிறது என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு அந்த ஒரு லட்சம் ரூபாவில் விடை இல்லை. கோவூரின் ரசிகர்களும் எதிரிகளும் இந்த இரண்டு கேள்விகளையும் போட்டுக் குழப்பிக்கொண்டே காலத்தைக் கழித்தார்கள்.

இப்போது உங்கள் பத்திரிகையிலேயே வந்த ஓர் உதாரணத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் சித்திரைப் புத்தாண்டுப் பக்கத்தில் இரண்டு நேரம் போடுகிறீர்கள். வழிவழியாக வந்த வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கப்படி வருடப்பிறப்பு இத்தனை மணிக்கு, இன்றைய வானியல் கணிப்பை வைத்துக் கணிக்கும் திருக்கணித பஞ்சாங்கப்படி இத்தனை மணிக்கு. விஷு புண்ணியகாலம், உடுக்க வேண்டிய நிறம், கைவிசேஷ நேரம் எல்லாம் அடுத்தடுத்து இரண்டு பத்தியில். எங்கள் தொடர்மாடியில் நாங்கள் வாக்கியம், எதிர்வீடு திருக்கணிதம். அவர்கள் வீட்டில் வருடம் பிறந்து பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும்போது எங்களுக்கு இன்னும் பழைய வருடம். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் என் பேரன் பத்திரிகையை நீட்டி, "அம்மம்மா, ரெண்டில எது சரி?" என்று கேட்டான். 'திருக்கணிதம்தான் சரி, அது விஞ்ஞானம்' என்று நான் சொல்வேன் என்று அவன் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது.

நான் சொன்னேன், அது ஒரு கேள்வி இல்லை, மூன்று.

முதலாவது திதி. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக ஒரு திதி. இது வானத்தில் நடப்பது, அளக்கலாம். வாக்கியக்காரர்கள் சந்திரனின் இடத்தை 248 வாக்கியங்களில் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், நாளுக்கு ஒரு வாக்கியம், எழுத்துக்குள் எண் ஒளிந்திருக்கும். ஏன் 248? சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து திரும்பும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறக்குறைய சரியாக 248 நாள். எந்தத் தொலைநோக்கியும் இல்லாமல் இதைப் பிடித்தவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் சூரியனின் இழுவையால் சந்திரனுக்கு வேறு தள்ளாட்டங்களும் உண்டு, அவை எல்லாம் அந்த வாக்கியங்களுக்குள் இல்லை. அதனால்தான் சில வருடங்களில் விரத நாளே இரண்டு பஞ்சாங்கத்திலும் வேறு வேறாகிறது. திதி எப்போது முடிகிறது என்பதே கேள்வி என்றால் வானம்தான் நீதிபதி. வாக்கியம் தோற்கும். இதில் வளைந்து நெளிந்து பேச ஒன்றும் இல்லை.

இரண்டாவது, மேடம், அதாவது மேஷ ராசி, எங்கே தொடங்குகிறது? சூரியன் மேடத்தில் நுழையும்போது வருடம் பிறக்கிறது என்கிறோம். வானத்தில் 'மேடம் ஆரம்பம்' என்று கல் நட்டிருக்கிறதா? பகலும் இரவும் சமமாகும் புள்ளியில் இருந்து எண்ணினால் மார்ச் 20, 21 இலேயே வருடம் பிறந்துவிட வேண்டும். அந்தப் புள்ளி ஏறக்குறைய 72 வருடத்துக்கு ஒரு பாகை பின்னால் நகர்ந்து, இன்றைக்கு நாம் எண்ணும் இடத்தில் இருந்து சுமார் 24 பாகை விலகிவிட்டது. அந்த விலகல் எவ்வளவு என்று சொல்ல, நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு தொடக்கத்தை முதலில் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1952 இல் மேக்நாத் சாகா என்ற பௌதிகவியலாளர் தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அமைந்தது. சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிர்ப்புறத்தை ஒட்டித் தொடக்கத்தை வைக்கும் முறையைத்தான் அவர்கள் ஏற்றார்கள். கவனியுங்கள், அவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, தீர்மானித்தார்கள். பெரிய விஞ்ஞானிதான், ஆனாலும் அந்த இடத்தில் அவர் செய்தது ஓர் உடன்பாடு. உடன்பாட்டைப் பார்த்து 'விஞ்ஞானம் நிரூபித்தது' என்று சொல்லக்கூடாது.

மூன்றாவது, கிரியை எதைப் பின்பற்ற வேண்டும்? இன்றைய வானத்தையா, குரு பரம்பரை தந்த வாக்கியத்தையா? ஆயிரம் ஊரில் ஒரே நேரத்தில் ஒரே சடங்கு நடப்பது முக்கியமா, சந்திரன் விகலை சுத்தமாக நிற்பது முக்கியமா? இதற்கு வானியலில் விடை இல்லை. சமயத்தவர்கள் தங்களுக்குள் இருந்து பேசித் தீர்க்க வேண்டியது.

பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்த மூண்டையும் பிரிச்சது எந்தப் பாடம்?" என்றான். பொறியியலாளரும் சைவ அன்பரும் தேடித் தேடிக் காணாமல் போனது அந்தப் பாடம்தான், ஐயா. அதற்கென்று சொந்தமாக ஒரு வானமும் இல்லை, ஒரு கோயிலும் இல்லை. எந்தக் கேள்வி எந்த வாசலுக்குப் போக வேண்டும், அங்கே எந்தப் பதிலைப் பதில் என்று எடுக்கலாம் என்று பார்ப்பது அதன் தொழில். அந்தத் தொழிலை நல்ல விஞ்ஞானியும் செய்கிறார், நல்ல சமயவாதியும் செய்கிறார், பெயர் சொல்லாமல்.

கடைசியாக, நீங்கள் சாத்திய கதவைப் பற்றி. விவாதத்தால் மனம் புண்படுகிறது என்று யாரோ தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். புண்படும்தான். எங்கள் கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராமய விகாரை இருக்கிறது. மிகெட்டுவத்தே குணானந்த தேரர் என்ற பௌத்த பிக்கு இருந்த இடம். 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாளும் அவர் பாணந்துறையில் வெஸ்லியன் கிறிஸ்தவப் போதகர் டேவிட் டி சில்வாவோடும் அவர் தரப்பினரோடும் மேடையில் வாதிட்டார். ஆன்மா உண்டா, படைத்தவன் உண்டா என்று பெருங்கூட்டத்துக்கு முன்னால். அதை வாசித்துவிட்டுத்தான் பிரம்மஞான சபையின் ஒல்கொட் 1880 இல் இங்கே வந்தார். அந்த விவாதம் முழுக்க நல்ல மெய்யியல் என்று நான் சொல்லமாட்டேன், இரண்டு பக்கமும் ஏளனம் தாராளமாகவே இருந்தது. ஆனாலும் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். பத்து வருடம் கழித்து, 1883 ஈஸ்டர் நாளில், அதே விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்தில் கத்தோலிக்கர்களுக்கும் பௌத்தர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. அன்றைக்கு யாரும் யாருடைய ஏதுவையும் கேட்கவில்லை. ஆகவே வார்த்தையால் புண்படுவதைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம் என்பது இந்தத் தெருவில் குடியிருக்கிறவளின் தாழ்மையான அபிப்பிராயம்.

எனக்கு ஒரேயொரு கோரிக்கை. வரும் ஏப்ரலில் இரண்டு நேரத்தையும் வழமைபோலப் போடுங்கள். கூடவே, வாக்கியம் கணிப்பவர் ஒருவரிடமும் திருக்கணிதம் கணிப்பவர் ஒருவரிடமும் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள்: எந்தப் புள்ளியில் இருந்து எண்ணினார், ஏன், எதை அளந்தார், எதை வழிவழியாக எடுத்துக்கொண்டார் என்று. பலனும் பரிகாரமும் மற்றப் பக்கங்களில் வேண்டிய அளவு வருகிறது.

இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் ஹோக்கிங்கை வெட்டலாம், கோவூரையும் வெட்டலாம். பஞ்சாங்கத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அளவையியல் ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.